ஒரு தோள் அகலம்

கஜீவனின் கமரா ஆளில்லாத இடத்தில் ஃபோகஸ் பிடிக்கத் தொடங்கியது 2024 தை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு. இடம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி ஃபிளாட். வீட்டுக்காரர் பூபாலசிங்கம், நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். அன்று அவருடைய மகள் மயூரிக்குக் கல்யாண எழுத்து. பதிவுகாரர் கையெழுத்துகளை வாங்கி, வடையும் தேநீரும் முடித்துக்கொண்டு போன பிறகு, குடும்பப் படத்துக்காக எல்லாரும் வரவேற்பறையில் வரிசையாக நின்றார்கள். தாய் சிவமணி தனக்கும் மகளுக்கும் நடுவே ஒரு தோள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றாள்.

இதில் புதினம் ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் குடும்பப் படம் என்றால் இடைவெளி விட்டுத்தான் எடுப்பார்கள். கனடாவிலும் சுவிஸிலும் விசா இல்லாமல் நிற்கிறவர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஸ்டூடியோக்காரர் பிறகு அந்த இடத்தில் ஒட்டிவிடுவார். கஜீவன் ஒருமுறை லண்டன் மாமா ஒருவரைக் குளிர்க்கோட்டோடு, பால் காய்ச்சிய வீட்டில், வேட்டிக்காரர் நடுவில் ஒட்டிக் கொடுத்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் சிவமணி இடம் விட்ட மூத்த மகன் ஜனாவுக்கு ஒட்டுவதற்குப் புதுப்படம் எதுவும் இல்லை. அவன் வெளிநாடு போய் எட்டு வருடம். அகதி வழக்கு தள்ளுபடியான அன்று, "உனக்கு எங்க போனாலும் ஒண்டும் சரிவராது" என்று தகப்பன் போனில் சொல்லிவிட்டார். அதோடு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. மூன்று வருடமாக அவன் எந்த நாட்டில் இருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது.

"இல்லாதவனுக்கு என்னத்துக்கு இடம்? நெருங்கி நில்லும்" என்றார் பூபாலசிங்கம்.

"ஒரு தோள் அகலம்தானே கேக்கிறன். அதையும் குடுக்க மாட்டியளோ?" என்றாள் சிவமணி.

கஜீவன் பட்டனைப் பாதி அழுத்தினான். ஃபோகஸ் விழும் இடத்தைக் காட்டும் பச்சைப் பெட்டி மயூரியின் முகத்தை எட்டியும் பார்க்காமல் நேரே அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது. படத்தில் எல்லாரும் புகைமூட்டமாக இருந்தார்கள். முகம் தேடும் வசதியை நிறுத்தினான். புள்ளியை நகர்த்தி மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில் வைத்தான். அது நழுவித் திரும்பிப் போனது. லென்ஸைக் கழற்றி, அது கமராவைத் தொடும் பித்தளைப் புள்ளிகளைத் துடைத்தான், வேறு லென்ஸ் போட்டான், இரண்டு விளக்கைக் கூட்டினான். கடைசியில் கையாலேயே ஃபோகஸ் வளையத்தைத் திருகினான். விட்டதும் வளையம் தானே பழைய இடத்துக்குத் திரும்பியது. கல்யாண வீட்டில் இப்படி வியர்த்தது அவனுக்கு அதுவே முதல் தடவை.

மறுநாள் அவன் கொட்டாஞ்சேனைக்கு ஓடினான். அங்கே மக்கீன் முப்பது வருடமாகக் கமரா திருத்துகிறவர். எதையும் இலேசில் நம்பாதவர். ஃபோகஸ் பின்னுக்கு விழுந்து சுவரைப் பிடித்திருக்கும் என்று சொல்லி, கோடு போடும் அடிமட்டத்தைச் சரித்து வைத்து, எந்தக் கோட்டில் ஃபோகஸ் விழுகிறது என்று பார்த்தார். மயிர் அளவும் பிசகவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தானே கிளம்பி வெள்ளவத்தைக்கு வந்து, எல்லாரையும் அதே உடுப்பில் அதே இடத்தில் நிறுத்தினார். பச்சைப் பெட்டி மறுபடி இடைவெளியில் உட்கார்ந்ததும் குனிந்து லென்ஸில் தூரத்தைப் படித்தார். இரண்டு மீற்றர் பத்துச் சென்ரிமீற்றர். வரிசை நின்றதும் அதே தூரம்தான், ஆனாலும் ஆட்கள் மங்கல். சுவரோ மூன்று மீற்றருக்கு அப்பால் இருந்தது.

"செவர இது புடிக்கல்ல தம்பி. ரெண்டு மீற்றர்ல ஏதோ ஈக்கிது. இல்லாத சாமானத்த கமரா புடிக்காது" என்றார் மக்கீன்.

சிவமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அளவுக் கணக்கு காதில் விழுந்தால் பூபாலசிங்கத்தால் சும்மா இருக்க முடியாது. உள்ளே போய் நிலம் அளக்கும் உருக்கு நாடாவை எடுத்து வந்து, கமராவிலிருந்து இடைவெளியை நோக்கி நீட்டினார். இரண்டு மீற்றர் பத்தில் நாடாவின் நுனி வெறும் காற்றில் முட்டி நின்றது. தள்ளினார், நாடா வளைந்ததே தவிர அப்பால் போகவில்லை. இழுத்துப் பார்த்தபோது நுனி ஐஸ்போலக் குளிர்ந்து, அதில் ஒரு பொட்டு வெள்ளை ஒட்டியிருந்தது. நாடாவைச் சுருட்டினார். வரிசையில் போய் நின்று, மனைவியின் தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தி இடத்தை அகலப்படுத்தினார்.

"அதோட சண்ட புடிக்காதீங்க. அது கேக்கிறத எடுங்க" என்றார் மக்கீன். கஜீவன் எடுத்தான்.

திரையில் ஜனா நின்றான். உணவு விநியோகிக்கிறவர்கள் போடும் சிவப்பு ஜக்கெற், தாடி, தோளிரண்டிலும் பனி. வீடே கத்தியது. மாப்பிள்ளை கதிரையில் ஏறி நின்று பார்த்தான். ஃபோகஸ் அவ்வளவு கூர்மையாக விழுந்திருந்ததால் ஜக்கெற்றின் நெஞ்சில் இருந்த கடைப்பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. மயூரி அதைத் தன் போனில் தேடினாள். நோர்வேயில் ஒரு சிறு நகரத்தில் பீட்சாக் கடை. அழைத்தாள். எடுத்தவருக்கு ஆங்கிலத்தில் அண்ணனின் பெயரைச் சொன்னாள். அரை நிமிடம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"மயூவோ?" என்றது குரல். "எப்பிடியடி இந்த நம்பர்? இப்பதான் வெளியில நிண்டனான். ஆரோ ரெண்டு பக்கத்தாலயும் நெருக்கிக்கொண்டு நிண்ட மாதிரி, குளிரே தெரியேல்ல."

சிவமணியால் அழத்தான் முடிந்தது. இடைவெளிப் பக்கமாக இருந்த அவளுடைய இடது தோளில் சேலை நனைந்திருந்தது. பூபாலசிங்கம் போனை வாங்கினார். மூன்று வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த மன்னிப்பு நாக்கு வரை வந்து வழி தெரியாமல் நின்றது.

"டேய், அந்த ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு நல்ல சேட் ஒண்டு போடு" என்றார். "போட்டுட்டு முந்தி நிண்ட இடத்திலயே போய் நில். அசையாத. தங்கச்சியின்ர எழுத்துப் படம்."

இது நடந்து வருடங்களாகிவிட்டன. மக்கீன் கமராவைத் திருத்தவில்லை. பழுது இல்லாததைத் திருத்த முடியாது என்கிறார். இப்போது வெள்ளவத்தையில் படம் எடுப்பதற்கு முன் வெளிநாட்டுக்குப் போன் போட்டு, இத்தனை மணிக்குத் தலைவாரி நில்லுங்கோ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. பூபாலசிங்கம் வீட்டுச் சுவரில் ஜனா நீலச் சேட்டோடு தெளிவாக நிற்கிறான். மற்றவர்கள் எல்லாரும் மங்கல், தகப்பன் எல்லாரையும் விட மங்கல். அவர் அதைத் திருத்தித் தரச் சொல்லவில்லை.