தெற்கு டோர்செட்டில் ஒரு வோட்டு

நவரட்ணம் டோர்செட் பார்க்கில் வீடு எடுத்ததற்குக் காரணம் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். பெயர் பிடித்ததாம். எண்பத்தெட்டில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது அவருடைய தம்பி ஸ்காபரோ முழுக்கக் காரில் ஏற்றிக்கொண்டு திரிந்து ஆறு அப்பார்ட்மென்ற் காட்டினான். வோபர்னில் காட்டியது நல்ல வெளிச்சமானது, வாடகையும் குறைவு. மனுசன் அசையவில்லை. டோர்செட் என்ற பெயரைக் கண்டதும் இது போதும் என்று இறங்கிவிட்டார். மாதத்தில் இரண்டு தரம் லிஃப்ற் நின்றுபோகும் கட்டடம், பதினோராம் மாடி. மனைவி கமலாம்பிகை சாமான் பைகளோடு படியேறும் ஒவ்வொரு முறையும் இங்கிலாந்தில் அதே பெயரில் இருக்கும் கவுன்ரியை, அந்த மாவட்டத்தை, வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவள் திட்டுவதில் என்ன பிழை?

அந்தக் கவுன்ரியின் தென்கரையில் வேமத் என்று ஒரு கடற்கரைப் பட்டினம். அங்கே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபத்தேழு வருடம் இரத்தமும் சலமும் சோதித்தவர் நவரட்ணம். மற்ற ஆம்பிளைகள் கிரிக்கெட் ஓட்டங்களை மனப்பாடமாய் வைத்திருப்பது போல இவர் டோர்செட்டின் தேர்தல் முடிவுகளை வைத்திருந்தார். பூர்ன்மத் எழுபத்துநாலு வரைக்கும் பக்கத்துக் கவுன்ரியில் கிடந்தது, பிறகுதான் டோர்செட்டோடு வந்து ஒட்டியது. கிறைஸ்ற்சேர்ச் தொண்ணூற்றுமூன்று இடைத்தேர்தலில் லிபரல்காரரிடம் போனது. இப்படியே போகும். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவன் தப்பித்தவறி, "இங்கிலாந்திலை எந்த இடம் அண்ணை?" என்று கேட்டுவிட்டால் போச்சு, பாயாசம் வரும்வரைக்கும் அவன் எழும்ப முடியாது.

இந்தப் பைத்தியம் பிடித்த நாள்கூட அவருக்கு ஞாபகம். 1962 நவம்பர், வேமத் அடங்கிய தெற்கு டோர்செட் தொகுதியில் இடைத்தேர்தல். கொமன்வெல்த் நாட்டுக்காரர் அங்கே குடியிருந்தால் வோட்டுப் போடலாம் என்பது சட்டம். வந்து ஒரு வருடம் கழிந்த இலங்கைப் பெடியன் நவரட்ணம், குளிரில் பல்லுக் கிடுகிடுக்க வரிசையில் நிற்கிறார். முன்னால் நின்ற ஒருவன் கம்பளித் தொப்பிக்குள் இருந்து "கோதாரியிலை போன குளிர்" என்று முணுமுணுத்தான். நவரட்ணத்துக்கு நெஞ்சே நின்றுவிட்டது. ஊரில் இருந்ததே இரண்டு தமிழர், இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரு வருடம் அந்தச் சின்னப் பட்டினத்தில் சீவித்திருக்கிறார்கள். தொப்பிக்காரன் குருநகர் சூசைதாசன். அப்போது பஸ் கொண்டக்டர், பிறகு பேப்பரும் இனிப்பும் விற்கும் சின்னக் கடைக்கு முதலாளி. அன்று பின்னேரம் கடல் மதிலில் குந்தியிருந்து ஆளுக்கொரு பொட்டலம் சுடச்சுட உருளைக்கிழங்குச் சிப்ஸ் சாப்பிட்டபோதுதான் அந்தப் பயங்கர உண்மை தெரியவந்தது. நவரட்ணம் தொழிற்கட்சி. சூசைதாசன் கொன்சவேட்டிவ்.

அந்தத் தேர்தலில் கொன்சவேட்டிவ்காரர் தங்களுக்குள்ளேயே பிரிந்து அடிபட, தொழிற்கட்சி எழுநூற்றுநாலு வோட்டால் வென்றது. நவரட்ணத்தின் வாழ்க்கையில் அவர் வென்ற ஒரே தேர்தல் அதுதான். அதற்குப் பிறகு எட்டுப் பொதுத்தேர்தல், எட்டிலும் தொகுதியில் தோல்வி. ஒவ்வொரு முறையும் இருவரும் ஒன்றாய் நடந்துபோய் வோட்டுப் போடுவார்கள். முடிவு வந்த பிறகு வென்றவன் தோற்றவனுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எட்டு முறையும் சூசைதாசன்தான் வாங்கினார். "உன்னாலை நான் போண்டியாகப் போறன் மச்சான்" என்று சொல்லிச் சொல்லி, தன் பொட்டலத்தில் இருந்தும் நாலைந்து எடுத்து நவரட்ணத்தின் பொட்டலத்தில் போடுவார்.

தம்பி குடும்பம் அகதியாய்க் கனடா வந்து தவித்த காலத்தில் நவரட்ணம் வேமத்தை விட்டுப் புறப்பட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் வெளிநாடு போனாலும் கடைசியாய் இருந்த தொகுதியில் தொடர்ந்து வோட்டுப் போடலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஆனால், அங்கே இருக்கிற ஒருவரைப் பதிலாளாய் நியமிக்க வேண்டும். அந்த ஆள் வாக்குச்சாவடிக்குப் போய், தன் சீட்டோடு இவருடைய சீட்டையும் வாங்கிப் புள்ளடி போடுவார். நவரட்ணம் யாரை நியமித்திருப்பார்? அவருக்கு வேறு யார் இருந்தது?

தொண்ணூற்றிரண்டில் வந்தது வினை. அந்த ஏப்ரலில் தொழிற்கட்சி வெல்லும் என்று உலகமே சொல்லி, கடைசியில் கவிழ்ந்து விழுந்தது. அடுத்த நாள் நவரட்ணம் எரிச்சலோடு போன் எடுத்தார்.

"என்ரை வோட்டை ஆருக்குப் போட்டனி?"

"நீ சொன்ன ஆளுக்குத்தான்" என்றார் சூசைதாசன். பிறகு சிரித்தார். "பென்சில் கொஞ்சம் என்ரை பக்கம் இழுத்தது, பிடிச்சு நிப்பாட்டினன்."

பகிடி. முப்பது வருடமாய்க் கேட்ட அதே மாதிரிப் பகிடி. ஆனால் அன்று நவரட்ணத்துக்கு மூளை கலங்கிப் போயிருந்தது.

"மாதாவிலை சத்தியம் பண்ணு, பாப்பம்."

சத்தியம் யாரிடம் கேட்பார்கள்? களவெடுத்தவனிடம் கேட்பார்கள். வாயில் இருந்து சொல் விழுந்த கையோடு நவரட்ணத்துக்கு அது தெரிந்துவிட்டது, ஆனால் சொன்னதை விழுங்க முடியுமா?

"என்னட்டைச் சத்தியம் கேக்கிறியோ நவம்?" என்று மெல்லமாய்க் கேட்டுவிட்டு சூசைதாசன் போனை வைத்தார். அதோடு சரி.

"பதின்மூவாயிரத்துக்கு மேலை வித்தியாசம்" என்று கமலாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கடை ஒரு வோட்டு எங்கை போனால் என்ன? ஒரு சகோதரத்தை அறுத்துப் போட்டு இருக்கிறியள்."

மனுசன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனே எடுக்கட்டும் என்று முதல் வருடம் இருந்தார். இரண்டாம் வருடம் எடுக்க வெட்கமாக இருந்தது. மூன்றாம் வருடம் கடல் மதில் கனவில் வரத் தொடங்கியது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக் கமலாம்பிகைதான் அன்ரனெற்றுக்கு, அதுதான் சூசைதாசனின் மனைவிக்கு, ஒரு கார்ட் போடுவாள்.

ஆனால் ஒரு விஷயம். வெளிநாட்டு வாக்காளர் ஒவ்வொரு வருடமும் படிவம் நிரப்பிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிலாளின் பெயர் என்று இருக்கிற கட்டத்தில் நவரட்ணம் வருடாவருடம் அதே பெயரைத்தான் எழுதினார்.

"கதையாத ஆளிட்டை வோட்டைக் குடுக்கிறியளே" என்பாள் கமலாம்பிகை.

"வேறை ஆரை எனக்குத் தெரியும்? சும்மா இரும்."

அவள் சும்மா இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாளா என்று நவரட்ணம் பார்க்கவில்லை.

தொண்ணூற்றேழு மே முதலாம் தேதி அங்கே தேர்தல். கனடாவிலும் அடுத்த மாதம் தேர்தல் என்று ஸ்காபரோப் புல்வெளி எல்லாம் பலகைகள் முளைத்திருந்தன. நவரட்ணம் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே தொழிற்கட்சி வெள்ளமாய் வென்றது என்று வானொலி சொன்னது, ஆனால் தெற்கு டோர்செட் என்ன ஆனது என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடாமலேயே ரயிலேறி நகரத்துக்குள் போய், வெளிநாட்டுப் பேப்பர் விற்கும் கடையில் லண்டன் பேப்பர் ஒன்று வாங்கினார். தெருவோரத்திலேயே நின்று விரித்து, பொடி எழுத்தில் தேடிப் பிடித்தார்.

கொன்சவேட்டிவ் வெற்றி. பெரும்பான்மை எழுபத்தேழு.

பதின்மூவாயிரத்தில் இருந்து எழுபத்தேழு. ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய சனம். வழியில் போனவர்கள் விலகிப் போகும்படி நவரட்ணம் நடைபாதை நடுவில் நின்றார். முதலில் மனதில் வந்தது கட்சி இல்லை. இதைச் சூசையிடம் சொல்லவேணும் என்பதுதான் வந்தது. அடுத்தது, அவன் என் வோட்டை என்ன செய்தானோ என்ற அந்தப் பழைய பேய். இந்த இரண்டாவது வந்ததற்காக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பேப்பரை மேசையில் வைத்தார். கமலாம்பிகை எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போன் கார்ட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, நீளமான இலக்கம் எல்லாவற்றையும் அமத்தி, றிசீவரை அவர் கையில் திணித்தாள்.

எடுத்தது அன்ரனெற்.

"தங்கச்சி, நான் நவரட்ணம்..."

"ஓம் அண்ணை." அவள் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "இப்பதான் வழி தெரிஞ்சதோ? மார்ச்சிலை இவருக்கு நெஞ்சைப் பிளந்து ஒப்பரேசன் செய்தது. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டிட்டார்."

நவரட்ணம் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தார்.

"படி இறங்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உங்கடை பேரிலை பதிலாள் கார்ட் தபாலிலை வரும்தானே. அக்கான்ரை நத்தார்க் கார்ட்டை விட்டால், அஞ்சு வருசத்திலை உங்களிட்டை இருந்து இந்த வீட்டுக்கு வந்தது உந்தக் கார்ட் ஒண்டுதான். அதை மாதா படத்துக்குப் பின்னாலை வைச்சிருந்தார். வியாழக்கிழமை நல்ல வெயில். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, ரண்டு இடத்திலை இருந்து களையாறி, நடந்து போனவர். காரிலை வரமாட்டாராம், நீங்கள் ரண்டுபேரும் நடந்துதான் போறனீங்களாம். அங்கை போய் என்ன செய்தார் தெரியுமே அண்ணை? உங்கடை சீட்டை மட்டும் வாங்கினார். தன்ரை சீட்டை வேண்டாமெண்டிட்டார். சீட்டுக் குடுக்கிற பெட்டை, ஐயா உங்கடை சீட்டும் இருக்கு எண்டு இவருக்கு ரண்டு தரம் சொன்னவள். நான் பக்கத்திலை நிண்டனான். நில்லுங்கோ, இந்தா, போனைப் புடுங்கிறார்."

றிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது.

"நவம்."

"சூசை."

கமலாம்பிகை தானும் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"என்ரை கட்சிக்குப் போடுறதெண்டால் என்ரை சீட்டிலை போட்டிருப்பன்" என்றார் சூசைதாசன். குரல் மெலிந்திருந்தது. "ஆர் வந்து சீட்டு வாங்கினதெண்டு வாக்காளர் இடாப்பிலை கீறி வைப்பாங்கள், கட்சிக்காரர் கேட்டால் பாக்கலாம். உன்ரை பேரிலை கீறு இருக்கும். என்ரை பேர் வெள்ளையாய்க் கிடக்கும். எனக்குச் சத்தியம் பண்ணத் தெரியாதடா. செய்யத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"நான் கேட்டிருக்கக்கூடாது" என்றார் நவரட்ணம். "அண்டைக்கே தெரியும். அஞ்சு வருசமாய்த் தெரியும். என்னை மன்னிச்சுக்கொள்ளடா." சொல்லும்போதே அழுதார். சேர்ட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற மனுசன் பிள்ளை மாதிரி அழுவதைப் பார்த்து கமலாம்பிகையும் அழுதாள்.

"விடு, விடு. நாட்டிலை நீ வெண்டிட்டாய், தொகுதியிலை நான் வெண்டிட்டன். ஆர் சிப்ஸ் வாங்கிறது?"

"நான் வாறன்" என்றார் நவரட்ணம். "இந்தக் கோடைக்கே வாறன். மதிலிலை இருந்து கதைப்பம்."

"வந்தால் சரி. எனக்கு எண்ணெய்ச் சாப்பாடு தடை. நீ தின், நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நவரட்ணம் சிரித்தார். மேசையில் விரிந்து கிடந்த பேப்பரில் அந்த எண் தெரிந்தது. முப்பத்தைந்து வருடத்து முடிவுகளை மனதில் வைத்திருக்கிற மனுசனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சூசை, நீ உன்ரையைப் போட்டிருந்தால் எழுபத்தெட்டு வந்திருக்கும்."

"ஓமடா" என்றார் சூசைதாசன். "பேப்பரிலை ஒண்டு குறைச்சுப் போட்டிருக்கிறாங்கள். அது உனக்கு."