கோவிலூர் வளைவில் சூடாகும் கார்

என் காரின் இன்ஜின் சூட்டில் ஏகப்பன் ஒருநாள் நிலக்கடலை வறுத்துத் தின்றான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். வறுத்தது அவன்; தின்றது நான்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கிணற்றுக்குள் இறங்குவதுபோல உள்ளே இறங்க வேண்டும். வெளியே வர என் வயதுக்கு ஒரு கிரேன் வேண்டும். ஆயுள் முழுக்க ஸ்டேஷன் மாஸ்டராக நின்று, கொடி காட்டிக் காட்டி உலகத்தையே ஊருக்கு அனுப்பிவைத்தவன் நான். இந்தியாவில் பாதிப் பேர் என்னிடம் வந்து வண்டி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப் பாதி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்பாரில்லை. போனில் ஒரு பெண் மட்டும் கடன் வேண்டுமா சார் என்று கேட்டாள். நீ சாப்பிட்டாயா அம்மா என்றேன். வைத்துவிட்டாள்.

என் மனைவி அழகி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. நானும் அங்கே போய்ப் பார்த்தேன். மகள் சத்தியப்பிரியா ஒரு அறையில் கம்ப்யூட்டரோடு, மாப்பிள்ளை இன்னொரு அறையில் கம்ப்யூட்டரோடு, அழகி அடுப்படியில் பேரனோடு. நான் லிஃப்ட்டில் போய் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களிடம் எந்த மாடி என்று கேட்டுக் கேட்டு பட்டனை அமுக்கினேன். பதினான்கு மாடிக்கும் நான்தான் மாஸ்டர். இரண்டாம் நாள் வாட்ச்மேன் வந்து, "அதெல்லாம் வேண்டாம் சார்" என்றார். காரைக்குடிக்குத் திரும்பி வந்து இந்தக் காரை வாங்கினேன்.

சாயங்காலம் கடைவீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு கோவிலூர்ப் பக்கம் விடுவேன். வளைவு வந்ததும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நீராவி இன்ஜினை ரயில்வேதான் கைவிட்டது, நான் கைவிடவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கிணற்றிலிருந்து ஏறி, பானட்டைத் திறந்து கம்பியில் நிறுத்தி வைப்பேன். அவ்வளவுதான் செய்ய வேண்டும்.

நம் ஊரில் வாசல் கதவைத் திறந்து வைத்தால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். பானட்டைத் திறந்து வைத்தால் தலையை உள்ளே நீட்டாதவன் கிடையாது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சோமு குடத்தோடு வருவான். பக்கத்துத் தோட்டக்காரன் ஏகப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவான். பைக்கில் போகிறவன் நிற்பான். பஸ்ஸுக்கு நிற்கிறவன் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பான். ஒருவன் ரேடியேட்டர் என்பான், ஒருவன் பெல்ட் என்பான். ஏகப்பனுக்கு எல்லாமே கார்பரேட்டர்தான். அவன் மனைவிக்குத் தலைவலி வந்தாலும் கார்பரேட்டரைப் பார்க்கச் சொல்லுவான். இன்ஜின் ஆறுகிற வரைக்கும் நான் கதை விடுவேன். ஒருமுறை ஒரு கூட்ஸ் வண்டியைத் தும்மியே நிறுத்தினேன் என்று சொன்னதைக்கூட யாரும் மறுக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் நல்ல குளிர். வளைவு வந்தும் முள் ஏறவில்லை. பரவாயில்லை என்று நானாகவே நிறுத்தினேன். சோமு எட்டிப் பார்த்தான்.

"என்னங்க மாஸ்டர், யாரையும் பாக்கணுமா?"

"இல்லப்பா."

"வண்டியில எதுவும்?"

"இல்ல."

"அப்பறம்?"

ஒரு டீ வாங்கினேன். நின்றபடியே டீயை வாயில் ஊற்றிக்கொண்டு, நாக்கு வெந்து, வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணமில்லாமல் ஓர் இடத்தில் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஸ்டேஷனில் நின்றேன் என்றால் அங்கே வண்டி வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அன்வர் சாதிக் வந்தார். ஷார்ஜாவில் பெரிய பெரிய கார்களுக்கு பானட் மாற்றும் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி சாக்கோட்டை ரோட்டில் ஒர்க் ஷாப் போட்டுப் புதிது. ஒரு சாயங்காலம் கூட்டத்துத் தலைகளுக்கு நடுவே அவர் தலையும் நுழைந்தது. மற்றவர்கள் இன்ஜினைப் பார்த்தார்கள். அவர் பானட்டைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல. உள்ள போற காத்து வெளிய வர வழியில்லாம மூச்சு முட்டுது. பானட்ட மாத்துங்க. துருவும் ஏறியிருக்கு."

புது பானட் என்றதும் கூட்டம் சந்தோஷமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மறுநாள் ஒர்க் ஷாப்பில் போய் உட்கார்ந்து என் திட்டத்தைச் சொன்னேன்.

"பாய், நடுவுல மேடா ஒரு ஸ்கூப் வைங்க. காளைத் திமிலு கணக்கா. ஆனா ஓட்டை வேணாம்."

"ஓட்டை இல்லாத ஸ்கூப்பா? மூக்க வச்சு மூக்குத் தொளைய அடைக்கிறதா? எதுக்குண்ணே அது?"

"அழகுக்கு."

"பானட்டுன்னா வேலை பாக்கணும்ணே. சூட்ட எறக்கணும். சும்மா முட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு அது என்ன கல்யாணப் பந்தலா?"

"உங்க கையில இருக்கிற தங்கக்கலர் வாட்ச் ஓடுதா?"

அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "ஓடல."

"அப்பறம் எதுக்குக் கட்டியிருக்கீக?"

"கை மொட்டையா இருக்கும்ல."

"என் காரும் மொட்டையா இருக்கக் கூடாதுல்ல?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சாவகாசமாக உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"வாட்ச் நின்னா யாரும் தள்ளிவிட வேண்டியதில்லண்ணே. கார் நின்னா நீங்கதான் ரோட்டுல நிக்கணும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

எனக்கு அந்தக் கஷ்டம்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாளில் பானட் தயாராகிவிட்டது. பைபரில் செய்து, காரின் சிவப்பிலேயே பெயின்ட் அடித்து, நடுவில் நான் கேட்ட திமில். அதற்கு இருபுறமும் நான் கேட்காத சாய்ந்த கோடுகள், மீன் செவுள் மாதிரி வெட்டி, அடிவரை திறந்து.

"உங்களுக்கு அழகு, எனக்கு வேலை" என்றார் அன்வர் சாதிக். "ரெண்டு பேருக்கும் ஆச்சுல்ல?" முகமெல்லாம் பல். ஊர் திரும்பிய பிறகு அவர் செய்த முதல் பெரிய வேலை அது. நான் என்னத்தைச் சொல்ல?

அன்று சாயங்காலம் கோவிலூர் வளைவில் முள் நடுவிலேயே தூங்கியது. சோமு கரண்டியைத் தூக்கி ஆட்டினான். ஏகப்பன் வரப்பில் நின்று இரண்டு கையையும் தூக்கினான். "நிறுத்தாதீக மாஸ்டர், போங்க, போங்க! வண்டி பறக்குது!" என்று சத்தம் போட்டான். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். காரணமில்லாமல் எப்படி நிறுத்துவது? போனேன். போய்க்கொண்டே இருந்தேன். இனி சூடாகும், இனி சூடாகும் என்று பார்த்துப் பார்த்து ஒக்கூர் வந்துவிட்டது. அங்கே ஓரங்கட்டி, இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அழகியைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீக? சத்தமே காணோம்?"

"ஒக்கூர்ல."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"யாரும் இல்ல. வண்டி நிக்கல. வந்துட்டேன்."

"நல்லாயிருச்சா! அப்ப அப்படியே இங்குட்டு வாங்களேன்."

"வந்தா? திரும்ப லிஃப்ட் உத்தியோகமா?"

சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. அதற்குள் "அம்மாச்சீ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நேரத்துக்குச் சாப்பிட்ருங்க" என்று வைத்துவிட்டாள். காரில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதற்கும் பெல்ட் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் குலுங்காமல் வந்தது.

அந்த வாரம் முழுக்க வண்டி பறந்தது. அடுத்த வாரம் நான் என் சிவப்புத் துண்டை நனைத்துப் பிழிந்தேன். பானட்டைத் திறந்து, அடிப்பக்கம் செவுளுக்குள் இறுக்கிச் செருகினேன். வளைவு வந்தது. முள் ஏறியது. ஆவி கிளம்பியது. ஆகா! கொடிக்கம்பத்தில் ஏறிக் கூவியிருப்பேன், கம்பம் இருந்திருந்தால். யாரும் வருவதற்குள் பானட்டைத் திறந்து துண்டை உருவிக்கொண்டேன். அதே துண்டால் சூட்டுக் கம்பியைப் பிடித்து நிறுத்தினேன், தோளில் போட்டுக்கொண்டேன். யாருக்குச் சந்தேகம் வரும்? சோமு குடத்தோடு ஓடி வந்தான். தலைகள் வந்தன. பழைய காலத்து ரயில்களைப் பற்றி அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. அவ்வளவு நல்ல சாயங்காலம்.

மறுநாளும் செருகினேன். அதற்கு மறுநாளும். அப்போதுதான் ஏகப்பன் பேச ஆரம்பித்தான்.

"ஷார்ஜாவுல கார் பானட்டா மாத்துனாரு பாயி? ஒட்டகத்துக்குச் சேணம் மாட்டிக்கிட்டு இருந்திருப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்தேன்.

"கார்பரேட்டரப் பாக்காம பானட்டுல கோடு கிழிச்சா சூடு எறங்கிருமா?"

"என் மச்சான் வேன அவருகிட்ட விடுறதா இருந்தான்" என்றான் சோமு. "வேணாம்னுட்டேன்."

அதன் பிறகு கூட்டம் இன்னும் பெரிதாயிற்று. காரைப் பார்க்க வந்த கூட்டம் அல்ல; பாயைத் திட்ட வந்த கூட்டம். நான் கதையை எடுத்தாலும் பேச்சு பானட்டுக்கே போனது. வெள்ளிக்கிழமை ஏகப்பன் அவருக்கே போன் போட்டு, "வந்து ஒங்க வேலையப் பாருங்க பாயி, ஆவி பறக்குது" என்றான்.

பைக்கை நிறுத்திவிட்டு அன்வர் சாதிக் நடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. திறந்து நின்ற பானட்டின் அடியில் குனிந்து செவுளுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். ரேடியேட்டரைப் பார்த்தார். மறுபடி விரலை விட்டார். பின்னால் ஒருவன் ஒட்டகம் மாதிரி கனைத்தான்.

"எங்கயோ அளவு தப்பிருச்சுண்ணே" என்றார் என்னிடம் மட்டும். "அந்த ஊரு காத்துக்குப் போட்ட கணக்கு இங்க சரிவரல போல. நாளைக்குக் கொண்டாங்க. கழட்டிட்டு பழசையே மாட்டிர்றேன்."

பழையது. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். தலையை ஆட்டினால் போதும். துண்டும் தேவையில்லை, திருட்டும் தேவையில்லை. ஆயுசுக்கும் இந்த வளைவில் தினமும் சூடாகலாம். அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார், விரல்தான் தப்புச் செய்ததுபோல.

பானட்டை இறக்கினேன். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் விரித்தேன். துண்டில் வரிவரியாகக் கருகிய கோடுகள். செவுளுக்கு மேல் இழுத்து வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

ஏகப்பன்தான் முதலில் பேசினான். "என்ன மாஸ்டர் இது?"

"நான்தான் செருகினேன்."

"எதுக்கு?"

என் வாயில் அப்போது நூறு பொய் வந்தது, ஒவ்வொன்றும் ஒரு ரயில் நீளம். ஒன்றையும் சொல்ல வரவில்லை.

"வண்டி நின்னாத்தான் நீங்கள்லாம் வாரீக" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சோமு குடத்தைக் கீழே வைத்தான், மறுபடி தூக்கிக்கொண்டான். பஸ் வந்தது. அதுவரை பஸ்ஸையே மறந்து நின்றவர்கள் அன்றைக்கு ஓடிப்போய் ஏறினார்கள். ஏகப்பன் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று தோட்டத்துக்குள் போனான்.

அன்வர் சாதிக் துண்டை எடுத்து மடித்தார்.

"பானட்டுல குத்தமில்லையே?"

"இல்ல பாய். உங்க வேலை சுத்தம்."

"வாட்ச் கதையெல்லாம் பேசுனீக. இதச் சொல்லியிருக்கலாம்ல?" கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. "இது எங்கிட்ட இருக்கட்டும். ஒங்ககிட்ட இருந்தா நாளைக்கும் செருகுவீக." துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நான் வண்டியை எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து மேசை மின்விசிறியிடம் வண்டி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியது. போன் வந்தால் பெங்களூர். சாப்பிட்டீகளா என்பதற்கு மேல் அங்கே நேரமில்லை. கடன்காரப் பெண்கூட என்னை விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம், பேட்டரி இறங்கிப்போகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். வளைவு வருகிறபோது முள் நடுவில்தான் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் போய்விடுவது என்று இருந்தேன்.

சோமு கடையின் முன்கம்பத்தில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது. வரிவரியாகக் கருகல்.

அன்வர் சாதிக் கொடுத்துவிட்டுப் போனதா, சோமு கைதுடைக்க வாங்கிக் காயப் போட்டதா, எனக்குத் தெரியாது. கடையில் ஒருவரும் இல்லை. பெஞ்சு காலி. வரப்பும் காலி. ஆனால் ஆயுள் முழுக்க நான் பார்த்த உத்தியோகத்தில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு தெரிந்தால், யார் காட்டியது, எதற்குக் காட்டியது என்று கேட்கக் கூடாது. நிறுத்த வேண்டும்.

நிறுத்தினேன். பானட்டைத் திறக்காமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து சோமு உள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"வண்டி சூடாயிருச்சா?"

"இல்ல."

"அப்பறம்?"

"சும்மா."

அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பால் இன்னும் காயல. நேரமாகும்" என்றான்.

"ஆகட்டும்" என்றேன்.