பதினேழாவது ஸ்லைடு

புரியுதா மேடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது எந்த வருஷத்து மாணவிகள் என்று யாருக்கும் தெரியாது. நர்சிங் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக உடற்கூறியல் எடுக்கிறவர். மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் "புரியுதா?" என்பார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அங்கேயே இருக்கும், இறங்கி வந்து யாரையும் கடித்ததில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு சொல்வார். "கல்லீரல் இடது பக்கம் இருக்கு" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துக் காத்திருப்பார். வகுப்பு திருதிருவென்று விழிக்கும். பிறகு எங்கிருந்தாவது ஒருத்தி எழுந்து நின்று, "மேடம், தப்பு" என்பாள். "அப்பாடா, ஒரு ஆளாவது முழிச்சிருக்கு" என்பார் மேடம். வகுப்பே சிரிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார் என்றால் மிகையில்லை.

ஏனென்றால், வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க நாதியில்லை. கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவான். ஒருமுறை மேடம் அவனையும் சோதித்துப் பார்த்தார்.

"நம்ம தெரு பேங்க்ல ஒரு பூனையை மேனேஜரா போட்டிருக்காங்கடா."

"ம்... நல்லதும்மா. உடம்பைப் பாத்துக்கோ."

மேடம் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது.

இந்த நிலையில்தான் கல்லூரிக் கட்டடத்தில் விரிசல் கண்டு, வகுப்பறைகளை இழுத்துப் பூட்டினார்கள். அந்தப் பருவம் முழுக்கப் பாடங்களை ஸ்லைடு போட்டு, குரல் சேர்த்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர், மேடத்தின் வயதுக்காரர், போனிலேயே வகுப்பெடுத்தார்.

"ரெண்டே விஷயம் மேடம். ஸ்லைடு மாறுற நேரத்துல பேசாதீங்க, அந்த நேரம் குரல் பதிவாகாது. அப்புறம், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் கேட்டுடுங்க."

"சரி சார், சரி சார்" என்றார் மேடம். முதலாவது, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று. இரண்டாவதைச் செய்யத்தான் செய்தார். முதல் பாடத்தைப் போட்டதும், "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று யாரோ ஒரு தொண்டை கட்டிய கிழவி கேட்டாள். மேடம் பதறிப்போய் மூடியவர், அதன் பிறகு தன் பாடத்தைத் தான் கேட்கவே இல்லை.

படுக்கையறையில், துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்துகொள்வார். துணி இருந்தால் எதிரொலி வராதாம். அலமாரியில் பாதி காலி. எதிரொலி கொஞ்சம் வரத்தான் செய்தது. திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் ஓடி முடிந்ததும் பேச வேண்டும். நாற்பது முகங்களைப் பார்த்துப் பேசிய வாய், நாலு சட்டங்களுக்குள் இருக்கிற ஒரு படத்தைப் பார்த்துப் பேசியது. இதைவிடச் சுவரோடு பேசலாம், சுவராவது பெரிதாக இருக்கும் என்று தோன்றியது.

இதயப் பாடத்தின் பதினேழாவது ஸ்லைடில், குறுக்கே வெட்டிய இதயத்தின் படம் ஒன்று இருந்தது. பெயர் எதுவும் எழுதாத படம்.

"இதயத்தோட கீழறை ரெண்டுல எதுக்குச் சுவர் தடிமன்? வலது கீழறைக்கு. புரியுதா?"

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நிறுத்தினார். பத்து வரை எண்ணினார். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து நிற்க ஒருத்தியும் இல்லை. சட்டென்று அடுத்த ஸ்லைடுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே, "தப்பு சொன்னேன், ஒருத்தியும் பிடிக்கலையே. இடதுதான்" என்றார். படம் மெல்லக் கரைந்து அடுத்த படமாக மாறுகிற அலங்காரத்தை அவரே ஆசையாகப் போட்டு வைத்திருந்தார். அது மாறி முடிக்க நாலைந்து விநாடி எடுக்கும்.

பாடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மாணவிகளிடமிருந்து வந்த செய்திகள் எல்லாம் ஒரே ரகம்: "மேடம், நோட்ஸ் கிடைக்குமா?" கேட்கிறார்களா, ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. பாராட்டு வேண்டாம், பதில் வேண்டாம், யாராவது ஒருத்தி கேட்கிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று மேடம் ஏங்கினார். இந்த வயதில் இதற்குப் போய் ஏங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பருவம் முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்தன. நாற்பது தாள். சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு திருத்த உட்கார்ந்தார். நாலாவது கேள்வி: எந்தக் கீழறையின் சுவர் தடிமன், ஏன்?

முதல் தாளில் 'வலது' என்றிருந்தது. கழுதை, என்று முனகிப் பெருக்கல் குறி போட்டார். இரண்டாவதிலும் வலது. மூன்றாவதில், நுரையீரல் பெரியது என்பதால் வலது. ஏழாவது தாள்காரி, பெரும்பாலானோருக்கு வலது கை பலமாக இருப்பதுபோல இதயத்துக்கும் வலது பக்கமே பலம் என்று அளந்துவிட்டிருந்தாள்.

பத்தாவது தாளில் மேடத்துக்கு விளங்கிவிட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்துப் பயனில்லை. கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அடுத்த நொடி பேனாவை மூடி வைத்தார். திருத்தித்தானே சொன்னோம், அதை மட்டும் எப்படி விட்டார்கள்?

லேப்டாப்பைத் திறந்து, பதினேழாவது ஸ்லைடை ஓடவிட்டார். கிழவி பேசினாள். வலது கீழறைக்கு என்றாள். புரியுதா என்றாள். பிறகு மௌனம். இதயம் சத்தமே இல்லாமல் கரைந்தது. "அடுத்து, வால்வுகள்" என்றாள்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, தப்பு தன்னுடையது, அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும், திருத்திய பாடம் இன்றே அனுப்புகிறேன் என்று பிரின்சிபாலுக்கு எழுதினார். எழுதிவிட்டு மீதித் தாள்களை எடுத்தார். முப்பத்தொன்றாவது தாளில் 'இடது' என்று எழுதி, காரணமும் அட்சரம் பிசகாமல் எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே 'வலது' என்று எழுதியிருந்தது. வருகைப் பட்டியலில் எண்ணைத் தேடிப் போன் போட்டார்.

"மேடமா? சொல்லுங்க மேடம்." அந்தப் பெண்ணின் குரல் பயந்திருந்தது.

"நாலாவது கேள்விக்கு இடதுன்னு எழுதிட்டு ஏம்மா அடிச்ச?"

"தப்பா மேடம்?"

"நீ அடிச்சுட்ட 'இடது'தான் சரி. தப்பு என்னோடது. உனக்குத் தெரிஞ்சிருக்கே, ஏன் அடிச்ச?"

"நீங்க வழக்கமா ஒரு தப்பு சொல்வீங்கல்ல மேடம், இது அதுதான்னு நெனச்சேன். நீங்க சொல்லிட்டு நிறுத்துனீங்க. நானும் வீட்ல எழுந்து நின்னு, 'மேடம், தப்பு'ன்னு சொன்னேன். தங்கச்சி கூட சிரிச்சா."

"அப்புறம்?"

"நீங்க ஒண்ணுமே சொல்லல மேடம். அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டீங்க. சரி, நமக்குத்தான் தெரியல போலன்னு உக்காந்துட்டேன்."