காயவைத்த தொட்டி

தொட்டியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இருந்த தெம்பையெல்லாம் ராத்திரி பஸ் உறிஞ்சிவிட்டிருந்தது.

விடுதியின் பின்முற்றத்தில் இருந்தது அந்த வெந்நீர்த் தொட்டி. மரப்பலகைகளை வட்டமாக நிறுத்தி, சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது. பெரிய பீப்பாயைப் பாதியில் அறுத்துவைத்தது போலிருக்கும். ஒரு குடும்பமே உள்ளே உட்கார்ந்து கழுத்துவரை முழுகிக் கிடக்கலாம். விருந்தாளிகள் இங்கே வருவதே அதற்காகத்தான். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது அவள் வேலை. வேதியியல் படித்தவளுக்கு, பரம்பரையிலேயே முதல் பட்டம் வாங்கியவளுக்கு, ஊரார் உடம்பில் ஊறிய அழுக்கை அளந்துகொண்டிருக்கும் உத்தியோகம். முதலாளியம்மா அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவாள். "டிகிரி, தொட்டியில முடி மிதக்குது பாரு."

இப்போது தொட்டியில் முடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. எலும்பு மாதிரிக் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

"வந்துட்டியா? எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா?" துணி துவைக்கும் அறையிலிருந்து அம்மா கையைத் துடைத்தபடி வந்தாள். இதே விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது அவள். தாயும் மகளும் இருப்பது பின்பக்கத்து ஒற்றை அறையில்.

"யாரும்மா இதக் காலி பண்ணது?"

"நான்தான். வேற யாரு வருவா? நீ இண்டர்வியூக்குக் கிளம்பினதுமே திறந்து விட்டுட்டேன். கைய வெச்சா வழவழன்னு இருந்துச்சு. நல்லா சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு, வெயில் காட்டியிருக்கேன். நீ வந்து இடுப்பொடிய வேணாமேன்னுதான்."

"சோப்புத்தூளா?"

"பின்ன, சாம்பலா போடுவாங்க?"

அவள் தோள்பையை அப்படியே தரையில் போட்டாள்.

அம்மாவின் உலகத்தில் பாத்திரம் என்றால் ஒரே சட்டம்தான். தேய், அலசு, கவிழ்த்துக் காயவை. அந்தச் சட்டத்தை வைத்தே ஒரு பெண்ணைப் படிக்கவைத்துவிட்டாள். ஆனால் காயவே விடக்கூடாத பாத்திரம் ஒன்று உண்டு. இந்த மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒழுகாமல் நிற்கும். காய்ந்தால் சுருங்கிவிடும். சோப்பைக் காட்டினாலோ அதையும் குடித்துவைத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. கல்லூரியில் என்னென்னவோ கேட்டார்கள். உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"காய வைக்கக் கூடாதும்மா இத."

"மரக் கரண்டியக் கழுவிக் காய வைக்கிறதில்லையா?"

"கரண்டிக்குள்ள யாரு உக்காந்து குளிக்கப் போறா?"

அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இண்டர்வியூ என்னாச்சு?"

"நல்லாத்தான் போச்சு. குடிதண்ணி சோதனை பண்ற லேப். இப்ப வேலை செய்யற இடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு சொல்றோம்னாங்க. மேடத்துக்குப் போன் பண்ணுவாங்க. இன்னிக்கோ நாளைக்கோ." அவள் தொட்டியைக் காட்டினாள். "இன்னிக்குச் சாயங்காலம் விருந்தாளிங்க வேற. இந்த லட்சணத்துல என்னைப் பத்தி அவங்க என்ன நல்லது சொல்வாங்க? என் வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் தெம்பு வேண்டியிருந்தது. ஹோஸ் குழாயை எடுத்துத் தொட்டிக்குள் போட்டுத் திறந்துவிட்டாள்.

உள்ளே போன தண்ணீர், நுழைந்த வேகத்திலேயே பலகை இடுக்குகளில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. முற்றமெல்லாம் ஓடியது. அம்மா பதறி, பழந்துணியைச் சுருட்டி இடுக்கில் திணிக்க ஓடினாள்.

"அடைக்காத. குடிக்கட்டும் விடு. குடிச்சு ஊதட்டும்."

"ஓட்டைக் குடத்துல தண்ணி மொள்ளச் சொல்றியே!"

"ஆமா. அதைத்தான் செய்யப் போறோம்."

செய்தார்கள். குழாய் போதாமல் வாளியில் வேறு மொண்டு வந்து வெளிப்பக்கப் பலகைகளில் ஊற்றினார்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் ஒழுகும். அம்மா துவைக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவாள், ஊற்றுவாள், மறுபடி துவைக்க ஓடுவாள். இவள் உடை மாற்றவில்லை; இண்டர்வியூவுக்காக இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வெயில் சாய ஆரம்பித்தபோது பீய்ச்சல் கசிவாகி, கசிவு சொட்டாகியது. மரம் ஒருவழியாக மனமிரங்கிவிட்டது.

பம்பைப் போட்டாள். தண்ணீர் சுழன்றது. அடுத்த நிமிஷம் நுரை கிளம்பியது. துவைக்கும் இயந்திரத்தைத் திறந்துபோட்ட மாதிரி, விளிம்பைத் தாண்டி வழிந்து படியில் இறங்கியது.

"அய்யய்யோ, நான் நல்லா அலசினேண்டி!"

"நீ அலசினது மேலாப்புல. இது உள்ள குடிச்சது."

காலி செய்து, அலசி, மறுபடி நிரப்பினாள். மறுபடி நுரைத்தது, கொஞ்சம் குறைவாக. குளோரின் போட்டுச் சோதனைக் காகிதத்தை முக்கினாள். நிறம் ஏறியது. சற்றுப் பொறுத்து இன்னொன்றை முக்கினால், வெள்ளையாகவே நின்றது. போட்ட மருந்தை மரத்தில் ஊறிய சோப்பே தின்றுவிட்டது. இன்னும் அள்ளிக் கொட்டலாம். கொட்டினால் மரம் பஞ்சு பஞ்சாகப் பிய்யும், குளிப்பவர்கள் கண்ணும் எரியும்.

முதலாளியம்மா வந்தபோது பம்ப் நின்றிருந்தது. நுரை அடங்கி, மாலை வெளிச்சத்தில் தொட்டி அடிவரை தெரிந்தது. அம்மா விரிப்புகளை மடிப்பதுபோல ஓரமாக நின்றாள்.

"தயாரா டிகிரி? அவங்க கிளம்பிட்டாங்களாம்."

"இன்னிக்கு யாரையும் இறக்க முடியாது மேடம். மரத்துல சோப்பு ஊறியிருக்கு. நுரைக்குது."

முதலாளியம்மா உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். "இது எதுக்கு வாங்கி வெச்சிருக்கு? ஊத்து. நுரை அமுங்கிடும்."

"நுரை அமுங்கும். தண்ணி சுத்தமாகாது. வெதுவெதுப்பான தண்ணில மருந்து நிக்கலேன்னா கிருமிக்குக் கொண்டாட்டம். உக்காந்தவங்களுக்கு உடம்பெல்லாம் தடிச்சிடும். சின்னக் குழந்தைங்க வேற வராங்க."

"தெளிவாத்தானே இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? உன் படிப்ப என்கிட்டக் காட்டாத." குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் ஏதோ லேப்லேர்ந்து போன் வந்துச்சு. வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சுட்டேன். உன்னப் பத்தி என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

பாட்டில் இவள் கைக்கு வந்திருந்தது. எப்போது வாங்கினாள் என்றே தெரியவில்லை. மூடியைத் திருகினால் போதும். இன்றைக்குக் குளித்துவிட்டு, நாளைக்கு வேறெங்கோ போய்ச் சொறிந்துகொள்ளப் போகிறவர்கள். யாருக்குத் தெரியும்?

"ஊத்திடேண்டி," என்றாள் அம்மா மெதுவாக. "ஒரு நாள்தானே. உன் வேலைய நெனச்சுப் பாரு."

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லி வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தண்ணீர் நல்லது, இது கெட்டது என்று ஊருக்கு எழுதிக்கொடுக்கும் வேலை. ச்சீ என்றிருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. இதற்கு மேல் ஒரு பொய்யையும் தூக்கிச் சுமக்க உடம்பில் இடமில்லை.

பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்தாள். வடிகால் மூடியைத் திருகித் திறந்துவிட்டாள்.

"ஏய்! என்ன பண்ற?"

"இன்னும் அலசணும். நாளைக்குச் சாயங்காலம் இறக்கலாம். இன்னிக்கு முடியாது."

"இத்தனைக்கும் யாரு காரணம்? சோப்பப் போட்டது யாரு?"

அம்மா வாயைத் திறந்தாள். இவள் முந்திக்கொண்டாள். "தொட்டி என் பொறுப்பு. விட்டுட்டுப் போனது நான்."

"ரொம்ப நல்லது. இதையே அவங்ககிட்டச் சொல்லிடறேன்." முதலாளியம்மா கைபேசியைத் தட்டிக்கொண்டே உள்ளே போனாள். விருந்தாளிகளிடம் சொல்ல ஒரு சாக்குத் தேட வேண்டும்; லேப்புக்குக் கூப்பிட அதற்கப்புறம்தான் நேரம் இருக்கும்.

அவள் தன் கைபேசியைத் துடைத்தாள். அந்த லேப்பில் கேள்வி கேட்ட அம்மையார் கொடுத்திருந்த எண்ணை அழுத்தினாள்.

"மேடம், உங்களுக்கு எங்க முதலாளியம்மா போன் பண்ணுவாங்க. என்னைப் பத்தி நல்லதா எதுவும் சொல்ல மாட்டாங்க. அவங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல. நடந்ததை நானே சொல்லிடறேன்."

"சொல்லுங்க," என்றது வறண்ட குரல்.

சொன்னாள். சோப்பு, வெயில், ஒழுகல், நுரை, நிற்காத மருந்து. "அது நாங்க பண்ண தப்பு," என்றாள். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப தொட்டியில தண்ணி இருக்கா?"

"திறந்து விட்டுட்டேன். போயிட்டிருக்கு."

"அந்தச் சத்தம்தானா இது?" அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "சரி. அவங்க கூப்பிட்டா அவங்க சொல்றதையும் கேக்கறேன். கேட்டுட்டு முடிவு பண்றேன்."

வைத்துவிட்டார்கள்.

"என்னடி சொன்னாங்க?"

"கேட்டுட்டுச் சொல்றாங்களாம்."

"கெடைக்குமா?"

"தெரியலம்மா." காலையில் கேட்க முடியாததை இப்போதுதான் கேட்டாள். "காலைல சொன்னத மனசுல வெச்சுக்காத."

"எது? மண்ணா? துவைச்சுத் துவைச்சு வாய் நெறைய சோப்புத் தின்னவ நான், மண்ணு என்ன பண்ணும்." அம்மா செருப்பைக் கழற்றினாள். "நான் உள்ள இறங்கறேன். நீ குழாயப் பிடி."

"வெறும் தண்ணி மட்டும்தான்."

"வெறும் தண்ணிதான் தாயே."

அம்மா படியேறி, காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஈரப் பலகை இருக்கையில் ஒரு கணம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"தண்ணி இல்லாமயே சுகமாத்தான் இருக்கு."

அவள் குழாயைத் திறந்தாள். பலகைகளை மேலிருந்து கீழாக நனைத்துக்கொண்டே வந்தாள். அடியில் மெல்லிய நுரை கிளம்பி, வடிகாலைத் தேடி நகர்ந்தது.