மூன்று தட்டு

1958 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானத் தொழிற்சாலைக்காரர்கள் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். உலக யுத்தத்தில் பறந்த நாலு பழைய விமானங்களைத் துடைத்து, கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். ஜோகுபாளையத்திலிருந்து சரளா மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கூடவே எதிர்வீட்டு பெர்னதெத்.

சரளாவுக்கு அன்று ஒரே ஒரு காரியம்தான். 'எங்க வீட்டுக்காரர் ஏரோப்ளேன் செய்யறார்' என்று இரண்டு வருஷமாகக் குழாயடியில் சொல்லி வந்ததை பெர்னதெத்தின் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும். இருவரின் கணவர்மாரும் ஒரே ஜோடியாக விமானத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பவர்கள். ஆனால் பெர்னதெத் சொல்லும் கணக்கே வேறு.

"எங்காளு அடிக்கிறாரு. உங்காளு உள்ள குந்திக்கினு இரும்பைப் புடிக்கிறாரு. அவ்ளோதான்."

சரளாவின் கணவர் பெருமாள்சாமியைக் கேட்டால் சிரிப்பதோடு சரி. சாப்பிடும்போது அதுவும் கிடையாது. தட்டில் விரலால் ஒரு தட்டு தட்டினால் இன்னும் போடு. இரண்டு தட்டினால் நன்றாயிருக்கிறது, போதும். மூன்று தட்டினால் கெட்டுப்போச்சு, எடுத்துவிடு. அவர் வீட்டுப் பழக்கம் போலும் என்று சரளா விட்டுவிட்டாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு விமானத்தின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். ஏணியில் ஏறி விமானியின் இடத்தில் உட்கார்ந்தவள், கீழே நின்ற பெர்னதெத்துக்கு மகாராணி மாதிரி கையசைத்தாள். வரிசையில் நின்றவர்கள் மூன்று பாஷையில் முணுமுணுத்த பிறகுதான் இறங்கினாள்.

பதினொரு மணிக்கு ஆணி அடித்துக் காட்டினார்கள். உடைத்துப் போட்ட விமானம் ஒன்றின் வால் மரக்கால்களின் மேல் கிடந்தது. ஆணியின் பின்பக்கம் அண்டக் கொடுக்கும் இரும்புக் கட்டியோடு பெருமாள்சாமி அதற்குள் ஊர்ந்து போனார்; கடைசியில் அவருடைய கான்வாஸ் ஷூவும் மறைந்தது. வெளியே பெர்னதெத்தின் கணவர் ஓஸ்வால்ட், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஆணி அடிக்கும் காற்றுத் துப்பாக்கியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு முதல் ஆணியை அடித்தார். நூறு பேர் கைதட்டினார்கள். பெர்னதெத் கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டாள். சரளாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வருஷப் பெருமைக்குக் காட்ட அவளிடம் இருந்தது ஒரு தகரம்தான்.

அப்போது தகரத்துக்குள்ளிருந்து 'டக்' என்றது. ஓஸ்வால்ட் அதே ஆணியை மறுபடி அடித்தார். 'டக் டக்.' அடுத்த ஆணிக்கு நகர்ந்தார்.

சரளாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஏழு ஆணி வரை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

எட்டாவதுக்கு 'டக் டக் டக்' என்றது. ஓஸ்வாల్டுக்கும் கேட்டது. ஆனால் இத்தனை கூட்டத்துக்கு முன்னால் தப்பை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், சிரித்தபடியே ஒன்பதாவதுக்குப் போனார்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைச் சரளா தாண்டிவிட்டாள்.

"அண்ணா, அது கெட்டுப்போச்சுன்றாரு. எடுத்துடுங்க."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"ரெண்டு வருஷமா உப்பை அள்ளிப் போட்டு நான்தானே வாங்கிக் கட்டிக்கிறேன்."

ஃபோர்மன் டொமினிக் டார்ச்சோடு வாலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஆணி பின்பக்கம் சாய்ந்திருந்தது. அதைத் துளைத்து எடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே நிற்பவர் அடிக்கலாம், சரியா தப்பா என்று சொல்ல உள்ளே இருப்பவரால்தான் முடியும், அவர் சொல்லாமல் ஓர் ஆணிகூட விமானத்தில் நிற்காது என்று கூட்டத்துக்கு விளக்கினார். இந்தத் தடவை கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் பெர்னதெத்.

"அப்போ இத்தினி நாளா உங்காளுதான் எங்காளை வேலை வாங்கினு இருந்தாரா? எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி வைடி."

கைதட்டலைக் கேட்ட கூச்சத்தில் பெருமாள்சாமி வெளியே வருவதாயில்லை. சரளா வாலருகே போய் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள்.  உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரே ஒரு தட்டு.

ஓஸ்வால்ட் அவசரமாகத் துப்பாக்கியை எடுத்து, எந்த ஆணி என்று தேடினார்.

முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள் சரளா. "அது உங்களுக்கில்ல, அண்ணா."