ஆரின் ஏற்றிய தோட்டா

மூன்றாவது தோட்டாவும் பாதியில் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நகம் வெளுத்ததுதான் மிச்சம். ரிவால்வரின் உருளையில் ஆறு துளை, எதில் வைத்தாலும் இதே கதை. தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் உள்ளே இறங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் பாதுகாப்பு பார்க்கிறவன் ராய்ஸ். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். குனிந்து பார்த்தான்.

"யார் ஏத்தினது, மார்வா?"

"வேற யாரு? ஆரின்தான்."

தாடையைச் சொறிந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரின் என் புருஷன். வயது எழுபத்தொன்று. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, புது வெடிமருந்து போட்டு, குண்டை வைத்து, மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய பிரஸ்ஸில் அழுத்தி மறுபடி தோட்டாவாக்குகிற வேலையை முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் கராஜில் செய்கிறான். எங்கள் வயோமிங் மாநிலத்தில் இந்த வேலை தெரிந்த வீடு நிறைய. ஆனால் ஒருவர் ஏற்றிய தோட்டாவை இன்னொருவர் சுட மாட்டார். குதிரையைக் கொடுப்பார்கள், பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூடக் கொடுப்பார்கள், இதை மட்டும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். மருந்து இரண்டு மடங்கு விழுந்துவிட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். புருஷன் பெண்சாதிக்கு மட்டும் விலக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஆரின் தோட்டாவைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை.

இந்த வருஷம்தான் எனக்குப் புத்தி மாறியது. பிப்ரவரியில் வண்டிச் சாவியை ரொட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினான். மார்ச்சில் என்னைச் செத்துப்போன அவன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஏப்ரலில் கோழித் தீவனம் வாங்கப் போனவன் வெறும் கையோடு திரும்பி வந்தான். பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கிற மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, அப்பா கையில இருக்கிறது வெடிமருந்து. ஒரு தடவை மறந்தா போதும்," என்றாள்.

அதோடு நான் சும்மா இருக்கவில்லை. அவன் ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்கிறான் என்று எண்ணினேன். தோட்டாப் பெட்டியின் மேல் தேதி எழுதிப் பக்கத்தில் ஒரு டிக் போடுவது அவன் வழக்கம். பிப்ரவரிக்குப் பிறகு எல்லாப் பெட்டியிலும் இரண்டு டிக் இருந்தது. போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறான் பாவி என்று அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மே மாதத்திலிருந்து, செவ்வாய்க்கிழமை அவன் இதய டாக்டரைப் பார்க்கப் போகிற நேரத்தில், கடைத் தோட்டா வாங்கித் தனியாகப் போய்ச் சுடும் போட்டிக்குப் பயிற்சி செய்தேன். ஆரின் ஏற்றுவது நீள ரகம், கடையில் குட்டை ரகம்தான் இருந்தது. என் ரிவால்வரில் நீளமும் போகும், குட்டையும் போகும், பருமன் ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வெளியே மட்டும் துடைத்து வைத்துவிடுவேன். உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எண்ணெய் வாடையே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கள்ளப் புருஷன் வைத்துக்கொண்டவள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டாள்.

அன்றைக்கு ஆரினே பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியதால் தட்ட முடியவில்லை. மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் ஆரின் தோட்டா உள்ளே போகாமல் நின்றபோது வருத்தம் வந்தது. கூடவே ஒரு கெட்ட திருப்தியும் வந்தது. நான் சந்தேகப்பட்டது சரிதானே.

"சனிக்கிழமை வந்து அவனோட பிரஸ்ஸைக் கழட்டி எடுத்துட்டுப் போ, ராய்ஸ்," என்றேன்.

"ஆரின் கிட்ட கேட்டீங்களா?"

"நான் பாத்துக்கறேன்."

வீட்டில் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஆரின் மான்கறியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"உன் தோட்டா உள்ள போகல."

"எத்தனை?"

"போட்டுப் பாத்த எல்லாமே. போதும் ஆரின். சனிக்கிழமை ராய்ஸ் வந்து பிரஸ்ஸை எடுத்துட்டுப் போறான்."

"கேக்கறியா, முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

கரண்டியை வைத்துவிட்டுத் தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி. அதுக்குள்ள என்ன தப்பு பண்ணேன்னு கண்டுபிடிச்சுக்கறேன். அது தெரியாம அந்த மேசையை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலை கராஜில் உட்கார்ந்தான். நான் காபியோடு வாசலில் நின்றேன். உதவிக்கு இல்லை, தப்பு செய்கிறானா பார்க்கத்தான். அளவுத் துளை போட்ட ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது. சரியான தோட்டா அதில் தானாக விழும், கவிழ்த்தால் தானாக வெளியே வரும். பெட்டியில் இருந்த ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டான். ஐம்பதும் விழுந்தன. அப்புறம் அளவுகோலை எடுத்தான்.

"கூடு எங்கயும் வீங்கல. வாய் ஒழுங்கா மடிஞ்சிருக்கு. குண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "துப்பாக்கியைக் கொண்டா," என்றான்.

"துப்பாக்கிக்கு என்ன வந்துது? செவ்வாய்க்கிழமைகூட நல்லாத்தானே சுட்டுச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழமையா?" என்றான்.

துப்பாக்கியை எடுத்து வந்து கொடுத்தேன். உருளையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆறு துளையையும் பார்த்தான். கம்பிப் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினான். வெள்ளைத் துணியில் கருப்பு கருப்பாகப் பொருக்கு உதிர்ந்தது. ஒரு தோட்டாவை எடுத்துத் துளைக்கு மேல் பிடித்து விட்டான். டக்கென்று அடிவரை விழுந்தது.

"இதுல குட்டைத் தோட்டா சுட்டது யாரு, மார்வா?"

குட்டைத் தோட்டா துளையில் முழு ஆழத்துக்குப் போகாது. அதன் வாய் முடிகிற இடத்தில் புகைக்கரியும் ஈயமும் வளையமாகப் படியும். தேய்த்து எடுக்காவிட்டால் பிறகு போடுகிற நீளத் தோட்டா அந்த வளையத்தில் முட்டி நிற்கும். துப்பாக்கி எடுத்த முதல் வருஷமே எல்லாரும் படிக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும். அவன் தலையில் எது கழன்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என் தலை வேலை செய்யவில்லை.

"நான்தான். மே மாசத்துலேர்ந்து கடையில வாங்கறேன்."

"என்னோடதைச் சுடப் பயமா இருந்துச்சா?"

"ஆமா."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"சாவியை ரொட்டிப் பெட்டியிலேர்ந்து எடுத்தது நான்தானே, மார்வா? எனக்கும்தான் பயம். அன்னிலேர்ந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தை ரெண்டு தடவை நிறுக்கறேன். அதுக்குத்தான் பெட்டி மேல ரெண்டு டிக்."

வெளியே ராய்ஸின் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அவன் உள்ளே வருவதற்குள் முந்திக்கொண்டேன். "வேண்டாம் ராய்ஸ், திரும்பிப் போ. தப்பு என்னோடது. துப்பாக்கியை நான் கழுவல."

ராய்ஸ் என்னைப் பார்த்தான், ஆரினைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான்.

நான் உருளையைத் துப்பாக்கியில் மாட்டி, ஐந்து தோட்டாவை அள்ளிக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போனேன். வேலிப்பக்கம் தொங்கும் இரும்புத் தட்டைப் பார்த்து ஐந்தையும் சுட்டேன். ஐந்தும் வெடித்தன, ஐந்தும் தட்டில் பட்டன. திரும்பினால் ஆரின் நின்றுகொண்டிருந்தான்.

"அஞ்சும் வெடிக்கும்னு எனக்குத் தெரியும்," என்றான். "நீ ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டதையும் பாத்தேன்."

"பழகிடும் ஆரின்."

"தோள் போனதுலேர்ந்து நான் சுடறதில்ல. நாலு வருஷமா ஏத்தினது எல்லாம் உனக்குத்தான். நீ பயந்துக்கிட்டுச் சுட வேண்டாம். கடையிலயே வாங்கு. வாங்கினா உள்ளயும் தேச்சுக் கழுவு."

அவனே ஸ்பானரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினான். இன்னும் போகாமல் வாசலில் நின்றிருந்த ராய்ஸும் அவனும் பிரஸ்ஸைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

பெட்டியில் இன்னும் நாற்பத்தைந்து தோட்டா இருக்கிறது. மூடியில் தேதியும் இரண்டு டிக்கும் இருக்கின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிக்குப் போய்விட்டேன், எல்லாம் கடைத் தோட்டாதான். அந்த நாற்பத்தைந்தைச் சுட எனக்கு இப்போது துளிப் பயம் கிடையாது. சுட்டுவிட்டால் வேறு இல்லை.