கறுப்பு மிட்டாய்

நெஞ்சில் ஐந்து ஒயர்கள், கையில் ஊசி. கழிப்பறைக்குப் போவதென்றாலும் மணியடித்து ஆளைக் கூப்பிட வேண்டும். முப்பது வருஷம் ரைன் நதியில் மணல் படகு ஓட்டிய என்னை இந்தக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஒன்பது நாளைக்கு முன் படகு ஓட்டிக்கொண்டிருந்தபோதே என் இதயம் நின்றுபோனது. மனைவி ரென்ஸ்கெதான் நெஞ்சை அமுக்கி அமுக்கி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அடைப்பு இல்லை. பரம்பரை நோய் இல்லை. குடி கிடையாது. சிகரெட்டை எட்டு வருஷத்துக்கு முன்பே ரென்ஸ்கெ விடவைத்துவிட்டாள்.

காலையில் டாக்டர் மார்லூஸ் வந்தார். சுற்றி வளைக்கும் பழக்கமே இல்லாத பெண்மணி.

"வீபெ, காரணம் கிடைக்கலன்னா நாளைக்கு நெஞ்சுல, இதயம் நின்னா அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கிற கருவி வச்சிருவோம். அதுக்கப்புறம் உங்களுக்குப் படகு ஓட்ட அனுமதி கிடைக்காது."

"படகுதான் டாக்டர் எங்க வீடு."

"தெரியும். ஆனா கண்ணுல ரத்தக்குழாயெல்லாம் கெட்டிருக்கு. ரத்த அழுத்தம் எகிறுது. பொட்டாசியம் எவ்வளவு ஏத்தினாலும் இறங்கிடுது. அது ரொம்ப இறங்கினா இதயம் நின்னுடும். ஏன் இறங்குதுன்னுதான் புரியல. ட்ராப் நிறைய சாப்பிடுவீங்களா?"

ட்ராப் என்பது அதிமதுரத்தில் செய்த கறுப்பு மிட்டாய். எங்கள் டச்சு ஆட்கள் அதை ஒரு தின்பண்டமாகவே நினைப்பதில்லை. மூச்சு விடுவீர்களா என்று கேட்டதுபோல இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரென்ஸ்கெ சிரித்தேவிட்டாள்.

"எல்லாரையும் போலத்தான், ஒண்ணு ரெண்டு. ஏன், அதையும் புடுங்கப் போறீங்களா?" என்றாள்.

"அளவு மீறினா இது எல்லாத்தையும் அதுவே செய்யும்."

அவள் சிரிப்பு நின்றது. சிகரெட்டுக்குப் பதிலாக அதைப் பழக்கியவள் அவள்தான். தினம் ஒரு பை. நேற்று வாங்கி வந்ததில் பாதி இன்னும் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

சொன்னால் இவள் நொறுங்கிவிடுவாள். சொல்லாவிட்டால் படகு போகும், இன்னொரு முறை இதயம் நின்றால் நானும் போவேன். நான் வாயே திறக்கவில்லை. கோழை. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"ஏன் சொல்லல?" என்றாள் ரென்ஸ்கெ.

"நீ அழுவேன்னு."

"மடையா! நீ செத்தா மட்டும் சிரிப்பேனா?"

தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பையை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது.

"டாக்டர், நில்லுங்க! பொய் சொல்லிட்டேன். தினம் ஒரு பை, எட்டு வருஷமா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"அப்ப நாளைக்குக் கருவி வேண்டாம். பொட்டாசியம் சரியாகி அப்படியே நின்னா அவர் படகுக்கே போகலாம்."

"நானா டாக்டர் இதைப் பண்ணினேன்?"

"ஆமா. தெரியாமப் பண்ணினீங்க."

பிறகு அழுகை கேட்டது. கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. எழப் பார்த்தேன். ஒயர்கள் இழுத்துப் பிடித்தன, ஊசி சுருக்கென்றது.

"ரென்ஸ்கெ! இங்க வாடி!"

அக்கரைக்கே கேட்கிற குரல் எனக்கு. அவள் வரவில்லை.